இடதுகரை வாய்க்கால், மூன்றாம் மதகு

பதினொரு வருடமாய்
புளியந்தீவுத் தபால் கந்தோரில்
படுவான்கரைக் கடிதங்களைப் பிரிக்கிறேன்.
ஆயித்தியமலை, கன்னன்குடா, மகிழவெட்டுவான், உன்னிச்சை:
கண்ணை மூடினாலும் கை போய்ச் சேரும்.
கால்தான் போனதில்லை.

போன சனிக்கிழமை
மரியசீலி தன் தம்பியின் லுமாலாவை இரவல் வாங்க,
அதையும் என்னுடையதையும்
நெல் ஏற்றப் போன லொறியில் போட்டுக்கொண்டு
உன்னிச்சைக் குளக்கட்டில் இறங்கினோம்.
திட்டம் பெரிதாய் ஒன்றுமில்லை.
வாய்க்கால் கரையைப் பிடித்து
தண்ணீர் போகும் பக்கமே போவது.
தண்ணீருக்கு வழி தெரியும் என்றாள் சீலி.
எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வான்கதவுக்குக் கீழே
நுரை தள்ளிப் புறப்படுகிறது நீர்,
கந்தோர் திறந்ததும் முண்டியடிக்கும் சனம் மாதிரி.
அரை மைலுக்குள் அடங்கி
கொங்கிரீட் கட்டுக்குள் வரிசையில் நடக்கிறது.
கரையில் ஒரு சைக்கிள் அகலத்துக்குச் செம்மண் தடம்.
யாரும் போட்ட பாதையில்லை,
பள்ளிக்கூடம் போய்வந்த டயர்கள் போட்டது.

மருத வேரில் ஏறி இறங்கியதில்
கரியரில் இருந்த சோற்றுப் பார்சலில் சொதி கசிந்தது.
மின்வேலிக் கம்பியில் ஒரு மீன்கொத்தி,
அதற்கு மின்சாரம் பற்றிச் சொல்ல ஆளில்லை.
யானை இலத்தி, இன்னும் ஈரம்.
கொஞ்ச நேரம் பேசாமல் மிதித்தோம்.

இரண்டாம் மதகு தாண்டி
சாய்ந்தபடி ஒரு கல்தூண்.
நாலு வரி எழுத்து.
முதல் வரியை மழை தின்றுவிட்டது,
கடைசி வரி மண்ணுக்குள்.
தூணில் ஆடு கட்டியிருந்தது.
தொடக்கூடாது என்று
மூன்று மொழியில் ஒரு பலகை.
ஆட்டுக்கு மூன்றும் தெரியாது.
தொழில் பழக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தேன்:
அனுப்பியவர் இல்லை, பெறுபவர் இல்லை,
நடுவில் கொக்கிபோல் ஓர் எழுத்து மட்டும் தெளிவு.
எங்களிடம் வந்தால்
சேராக் கடிதங்களோடு கொஞ்சக் காலம் வைத்திருப்போம்.
இது யாருடையதென்று
போன வருடம் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்களாம்.
ஆட்டுக்காரர் சொன்னார்:
"ஆடு என்ட. தூணைப் பத்தித் தெரியா."

மூன்றாம் மதகில் என் டயரில் காற்றுப் போனது.
சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க வந்த வட்டவிதானை
மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு
டியூபை வாய்க்காலில் அமுக்கிக் குமிழி தேடினார்.
பெயர் கேட்டாள் சீலி.
"பூபாலப்போடி அழகரெத்தினம்."

என் கை தானாகவே
இடப்பக்கம், மேலிருந்து இரண்டாம் தட்டுக்குப் போனது.
மாதம் ஒன்று. தோஹா முத்திரை.
சாய்ந்த எழுத்து, நீல மை.
வீட்டிலக்கம் இல்லாமல்
இந்த மதகுதான் விலாசம்.
சித்திரைக்குப் பிறகு வரவில்லை.

எங்கே வேலை என்றார்.
தபால் கந்தோர் என்றாள் சீலி.
"மறுகா, இப்ப கடிதமெல்லாம் குறைவுதானே,
எல்லாருக்கும் போன்" என்றார், நிமிராமல்.
ஓம் என்றேன்.
குமிழி ஒன்று எழுந்தது.
விரல் வைத்து அடைத்தார்.

அதற்குப் பிறகு வாய்க்கால் ஒல்லியானது.
கிளை, கிளைக்கொரு கிளை,
கடைசியில் யாரோ ஒருவரின் வரம்பில்
சேறு அப்பிய ஒரு மடை.
ஆறு வரும் என்று வந்தவர்களுக்கு
அரை ஏக்கர் வயல் வந்தது.
"இவ்வளவுதானாகா?" என்று சிரித்தாள் சீலி.
வயல்காரி எங்களைப் பார்க்கவில்லை,
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலையிறவுப் பாலத்தில் எதிர்க்காற்று,
வாவியின் உப்பு மணம்.
கோட்டை மதிலில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு
ஒல்லாந்தர் பீரங்கியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தோம்.
ஒரு ஐஸ்கிரீம் கோப்பை, ஒரு பல்லி.
இரண்டு நாள் தொடை வலிக்கும் என்றாள் சீலி.
ஒரு நாள்தான் வலித்தது.

திங்கட்கிழமை சாக்கை அவிழ்த்தேன்.
தோஹா முத்திரைகள் ஏழு.
ஏழையும் இரண்டு தரம் பார்த்தேன்.